யார் செய்த பாவம்?

பார்வையற்றுப் பிறந்த ஒருவனைக் கண்டு, இது இவன் பாவமா, பெற்றோர் பாவமா என்று சீடர்கள் கேட்பது யோவான் நற்செய்தி 9ஆம் அதிகாரத்தில் வருகிறது. யாருடையதும் இல்லை என்கிறார் இயேசு. எங்கள் ஊரான இனயத்தின் மறைக்கல்வி வகுப்பில் இதை எத்தனையோ பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். ஆனாலும் என் தம்பி மகளுக்கு நோய் என்றதும் தெருவில் கிளம்பியது அதே கேள்விதான். "சொந்தத்துல கெட்டினதுனாலயா டீச்சரே?"

படி இறங்கும்போது அவளுக்குக் கண் கீழே போகாது; தலையை மொத்தமாகக் குனிந்துதான் அடுத்த படியைப் பார்ப்பாள். வாய்விட்டுச் சிரித்தால் முழங்கால் தளர்ந்து சரிந்துவிடுவாள். பிள்ளையைச் சிரிக்கவைக்கப் பயப்படும் வீடு அது.

நோயின் பெயர் நீமன்-பிக் சி. உயிரணுவுக்குள் கழிவைச் செரிக்கும் சிறு பைகள் உண்டு, லைசோசோம் என்பார்கள். அங்கிருந்து கொலஸ்ட்ராலை வெளியேற்றும் புரதம் பழுதானால், அது உள்ளேயே தேங்கி மூளையை மெல்ல அழிக்கும். தாயும் தகப்பனும் நல்ல சுகமாக, ஆளுக்கொரு பழுதான மரபணுவை அறியாமல் சுமப்பார்கள். பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து. சொந்தத்தில் கட்டினால் ஆபத்து கூடும், உண்மைதான். அறியாமல் சுமந்ததைப் பாவம் என்று எந்தச் சாமியார் சொல்வார்?

இதே நோய் ஆய்வகச் சுண்டெலிகளுக்கும் உண்டு. பழுது தானாகத் தோன்றியது. தொடர்வது தானாக அல்ல. நோயுள்ள எலி வம்சம் வளர்க்காது. அதனால் பழுதைச் சுமக்கும் சுகமான ஆணையும் பெண்ணையும் பார்த்துச் சேர்க்கிறார்கள், நாலில் ஒன்றாவது நோயோடு பிறக்கட்டும் என்று. அந்தக் குட்டி ஆறேழு வாரத்தில் நடுங்கும், தள்ளாடும், மெலியும். பத்துப் பன்னிரண்டு வாரத்தில் செத்துப்போகும். சீடர்களின் கேள்வியை இந்த எலிக்காகக் கேட்டால் பதில் உண்டு. நாம்தான்.

"மீனைக் கொன்னு திங்குற ஊருல இருந்துக்கிட்டு எலிக்கு அழுவுறியா அக்கா?" என்றான் தம்பி. நியாயம்தான். ஆனால் வலையில் விழும்வரை சாளை தன் வாழ்வைத்தான் வாழ்கிறது. நோயோடு பிறக்கட்டும் என்று எந்த வலைக்காரனும் சாளையை வளர்ப்பதில்லை. கொல்வது அல்ல, நோயைப் பேணி வளர்ப்பதுதான் எனக்கு உறுத்தல்.

அந்த எலிகள் கொடுத்ததும் கொஞ்சமல்ல. மூளைக்கான ஒரு ஹார்மோனை சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற வளையச் சர்க்கரையில் கரைத்து ஊசி போட்டார்கள். எலிகள் கூடுதல் காலம் வாழ்ந்தன. 2004இல் பெருமை ஹார்மோனுக்கே போனது. வேலை செய்தது கரைப்பான் என்பது பிறகுதான் தெரிந்தது. 2009இல், ஏழு நாள் குட்டிக்குப் போட்ட சைக்ளோடெக்ஸ்ட்ரின் ஒரே ஊசியில் தேங்கிய கொலஸ்ட்ராலை நகர்த்தியது. அளவு கூடினால் காது கேளாமல் போகும் என்பதையும் விலங்குகளே காட்டிக்கொடுத்தன. மனிதரிடம் நடந்த பெரிய சோதனையில் எதிர்பார்த்த பலன் நிரூபணமாகவில்லை. 2024 செப்டம்பரில் அமெரிக்கா இந்த நோய்க்கு அனுமதித்த இரண்டு மருந்துகள் வேறு. அவையும் எலிகளிடம் சோதிக்கப்பட்டவையே. அவை இனயம்வரை வருமா என்பது தனிச் சங்கடம். 2021இன் தேசிய அரியநோய்க் கொள்கையில், பட்டியலில் உள்ள நோய்க்கே உச்சவரம்பு 50 லட்சம் ரூபாய்.

எங்கள் அன்பியக் கூட்டத்தில் ஒருவர், எலியும் ஒரு பலிதானே என்றார். என்னால் ஒப்ப முடியவில்லை. சிலுவையில் பலியானவர் மனமொப்பி வந்தார். எலியிடம் யார் கேட்டார்கள்? கத்தோலிக்க மறைக்கல்வி நூலின் 2417ஆம் பத்தி, மனித உயிர் காக்க, நியாயமான எல்லைக்குள் விலங்குச் சோதனையை அனுமதிக்கிறது. விலங்குகளை வீணாக வதைக்கக்கூடாது என்கிறது அடுத்த பத்தி. மருந்து கிடைத்தால் என் மருமகளுக்குக் கொடுப்பேன், இரண்டாம் யோசனை இல்லை. ஆனால் தோற்றுப்போன சோதனையை வெளியிடாமல் மேசைக்குள் பூட்டுகிறவர்கள் உண்டு. அது தெரியாமல் இன்னொருவர் அதே மருந்துக்காக இன்னொரு கூட்டம் குட்டிகளைப் பிறப்பிப்பார். வீண் வதை என்று நான் எண்ணுவது அதைத்தான். இதைப் பாவசங்கீர்த்தனத்தில் சொன்ன விஞ்ஞானி யாராவது உண்டா என்று பங்குத்தந்தையிடம் கேட்டேன்.

"இருந்தாலும் உங்ககிட்ட சொல்ல முடியுமா டீச்சரே?" என்று சிரித்தார்.