கருதுகோட் சோதனையும் வணிக அறமும்

கிராண்ட்பாஸ் என்னும் பெயர் களனி கங்கையைக் கடக்கும் துறையினால் வந்தது. 1822 இல் ஓடங்களைப் பிணைத்து அங்கு அமைத்த மிதவைப் பாலம், 1895 இல் விக்டோரியாப் பாலம் எழும் வரை, கண்டி வீதியால் இறங்கிய கோப்பியைக் கொழும்புத் துறைமுகத்திற்கு வழிவிட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின் அவ்வட்டாரத்தில் தேயிலைக் களஞ்சியங்கள் தோன்றின. நாட்டாமிகள் இறக்கிவைக்கும் பொதிகளிலிருந்து சிறிதளவு தேயிலை மாதிரியாக எடுக்கப்படுகின்றது. தரகு நிறுவனத்தின் சுவைஞர் அதன் சாயத்தில் ஒரு மிடறு சுவைத்து உமிழ்கின்றார். 1883 இல் தொடங்கிய கொழும்பு ஏலத்தில் அப்பொதிகள் என்ன விலை பெறும் என்பது பெரிதும் அந்த மிடற்றிலேயே தங்கியுள்ளது. ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். பானையிலுள்ள சோறு முழுவதும் ஒரே உலையில், ஒரே நெருப்பில் வெந்தது; அதனாலேயே ஒரு சோறு பதமாகின்றது. வணிகரும் அரசும் கையாளும் உலகம் அவ்வாறு ஒரே உலையில் வெந்ததன்று. சிறிதைக் கண்டு பெரிதைத் துணிய எமக்கு எப்போது உரிமை உண்டு, அத்துணிபு பிழைத்தால் அதன் சுமை யாரைச் சேரும் என்பனவே இங்கு ஆராயப்படுவன.

புள்ளிவிபரவியலின் புகழ்பெற்ற சோதனையொன்றும் தேநீரைப் பற்றியதே. இங்கிலாந்தின் றொதம்ஸ்ரெட் ஆய்வுநிலையத்தில் 1920களில் பணியாற்றிய மியூரியல் பிறிஸ்ரல் என்னும் அறிஞர், கிண்ணத்தில் முதலில் ஊற்றப்பட்டது பாலா தேநீரா என்பதைச் சுவைத்தே கூறமுடியும் என்றார். உடன் பணியாற்றிய ஆர். ஏ. பிஷர் அதனை மறுத்துரையாடாமல் சோதனைக்குரிய பொருளாக்கினார். எட்டுக் கிண்ணங்கள், நான்கில் பால் முதல், நான்கில் தேநீர் முதல், வரிசை எழுமாறானது. எட்டில் நான்கைத் தெரியும் வழிகள் எழுபது. சுவையறியாத ஒருவர் குருட்டுவாக்கில் நான்கையும் சரியாகத் தெரிவதற்கான நிகழ்தகவு எழுபதில் ஒன்று. ஒன்று தவறினும் நிலைமை அடியோடு மாறுகின்றது; மூன்றோ அதற்கு மேலோ தற்செயலாகச் சரியாக அமைவதற்கான நிகழ்தகவு எழுபதில் பதினேழு, ஏறத்தாழ நான்கில் ஒன்று. 1935 இல் பிஷர் எழுதிய பரிசோதனை வடிவமைப்பு நூல் இதனைக் கொண்டே சூனியக் கருதுகோளை விளக்கியது.

இங்கே ஒரு நுட்பம் உண்டு. அச்சோதனை தொடங்கும்போது "அம்மையாருக்கு அவ்வாற்றல் இல்லை" என்பதே இயல்பு நிலையாகக் கொள்ளப்பட்டது; நிறுவ வேண்டிய பொறுப்பு அவருடையது. தேநீர் விருந்தில் இதனால் எவருக்கும் தீங்கில்லை. ஆனால் எந்தச் சோதனையிலும் யாரோ ஒருவருடைய நிலை சான்று தேவையற்ற நிலையாகவும், மற்றவருடைய நிலை சான்று காட்டவேண்டிய நிலையாகவும் முன்கூட்டியே பிரிக்கப்படுகின்றது. இப்பிரிவைக் கணிதம் செய்வதில்லை, மனிதர் செய்கின்றனர். குற்றவியல் நீதி எதிரியைச் சுற்றவாளி எனக் கொண்டு தொடங்குவது கணக்கினால் அன்று, சிறைக்குச் செல்வது அவரே என்பதனால்.

இதனை வணிகத்தில் முதலில் தெளிந்தவர்களுள் ஒருவர் டப்ளின் நகரின் கின்னஸ் மதுவடிசாலையில் பணிபுரிந்த வில்லியம் கொசெற். நிறுவனத்தின் விதிப்படி தம் பெயரை மறைத்து "ஸ்ருடன்ற்" என்னும் புனைபெயரில் அவர் 1908 இல் வெளியிட்ட சிறுமாதிரிச் சோதனையை இன்றும் மாணவர் கற்கின்றனர். எவ்வளவு நிகழ்தகவு போதுமானது என்பதற்கு அவர் கருத்தில் பொதுவான விடையில்லை. பிழைத்தால் வரும் நட்டமும் சரியானால் வரும் இலாபமுமே அதனை நிர்ணயிக்க வேண்டும். இருபதில் ஒன்று என்னும் எல்லையைப் பிஷர் 1925 இல் வசதி கருதியே முன்வைத்தார். பின்வந்தோர் அதனை வேதவாக்காக்கினர். கொசெற்றின் பார்வையே எனக்கு நேர்மையானதாகப் படுகின்றது. எனினும் அதிலும் ஒரு குறை உண்டு: மதுவடிசாலை தன் பார்லியைப் பற்றித் தானே துணிந்து, தன் நட்டத்தைத் தானே தாங்கியது. துணிபவர் ஒருவரும் தாங்குபவர் வேறொருவரும் ஆகுமிடத்தில் யாருடைய நட்டத்தைக் கணக்கில் எடுப்பது?

இவ்வினாவுக்கு எமது மலையகம் தக்க களம். பிஷருடன் இணைந்து 1927 இல் ஆய்வுக்கட்டுரை வெளியிட்ட ரி. ஈடன் இலங்கைக்கு வந்து, தலவாக்கலை சென் கூம்ஸ் தோட்டத்தில் அமைந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றினார். பானைச் சோற்று நியாயம் தேயிலை மலைக்குப் பொருந்தாது என்பதை அவரது வயற்பரிசோதனைகள் எண்களாற் காட்டின. விதைநாற்றிலிருந்து வளர்ந்த செடிகள் ஒன்றுபோல் ஒன்று இருப்பதில்லை. சரிவின் முகமும் மண்ணின் ஆழமும் சில அடிகளில் மாறுகின்றன. கவ்வாத்து வெட்டிய ஆண்டுக்கும் அடுத்த ஆண்டுகளுக்கும் விளைச்சல் வேறு. ஆகவே ஓர் உரத்தின் பயனை அறிய மலையைப் பாத்திகளாகப் பிரித்து, உரத்தை எழுமாற்றாக ஒதுக்கி, ஒரு கவ்வாத்துச் சுற்று முழுவதும், அதாவது சில ஆண்டுகள், பொறுத்திருக்க வேண்டும்.

அந்தப் பொறுமை 2021 இல் கைவிடப்பட்டது. 2019 ஆம் ஆண்டுத் தேர்தல் விஞ்ஞாபனத்தில் பத்தாண்டுகளில் நிகழும் என்று கூறப்பட்ட சேதனப் பசளை மாற்றம், 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதித் தடையாக ஒரேயடியாக வந்தது. தேயிலை இலையையே அறுவடை செய்யும் பயிர். பறிக்கும் ஒவ்வொரு கொழுந்துடனும் நைதரசன் மண்ணைவிட்டு நீங்குகின்றது. நவம்பரில் தடை நீக்கப்பட்டது. 2021 இல் ஏறத்தாழ 30 கோடி கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி 2022 இல் ஏறத்தாழ 25 கோடி கிலோவாக வீழ்ந்தது. இவ்வீழ்ச்சி முழுவதையும் உரத்தடையின் கணக்கில் எழுதுவதும் முறையன்று. 2022 எரிபொருள் வரிசைகளினதும் மின்வெட்டினதும் ஆண்டு. தடை நீங்கியபின்னும் உரத்தின் விலை சிறுதோட்ட உரிமையாளருக்கு எட்டாததாயிற்று. எவ்வளவு பங்கு எதற்கு உரியது எனப் பிரிக்க இயலாமைக்குக் காரணம், நாடு முழுவதும் ஒரே காலத்தில் மாற்றப்பட்டமையே. ஒப்பிடுவதற்கு மாற்றப்படாத பாத்தி ஒன்றேனும் எஞ்சவில்லை. சோதனையின்றிச் செய்த செயல் தன் குற்றத்தை நிறுவும் சான்றையும் தானே அழித்துவிட்டது.

இதன் மறுபுறமும் உண்டு. சான்று போதாது என்று கூறிச் செயலைத் தள்ளிப்போடுவதும் ஒரு துணிபே. நுரையீரற் புற்றுநோய்க்கும் புகைத்தலுக்கும் உள்ள இணைபை 1950 இல் டொல், ஹில் ஆகிய இருவரும் வெளியிட்டபின்னர், இணைபு காரணமாகாது என்று வாதிட்டவர்களுள் முதன்மையானவர் அதே பிஷர். அவர் புகையிலை உற்பத்தியாளர் குழுவொன்றின் ஆலோசகருமாயிருந்தார். தருக்கத்தின்படி அவர் கூற்றிற் பிழையில்லை. ஆனால் பிஷர் கேட்ட சான்று வரும்வரை காத்திருந்தோர் புகைப்பவர். காத்திருந்த காலத்தில் இலாபம் ஈட்டியோர் புகையிலை வணிகர். இலங்கையிலும் 2015 இல், வடமத்திய மாகாணத்தில் பரவிய சிறுநீரக நோயோடு தொடர்புடையதெனச் சந்தேகிக்கப்பட்ட கிளைபோசேற் களைகொல்லி தடைசெய்யப்பட்டது. காரணம் துணியப்படவில்லை. உயிர் போகுமிடத்தில் அரைச்சான்றுடன் செயற்படுவதை நான் குறைகூறமாட்டேன். ஆயினும் அத்தடை அந்நோய்ப் பிரதேசத்துக்கு அப்பாலுள்ள தேயிலை மலைகளையும் சேர்த்தே மூடியது. 2018 இல் தேயிலைக்கும் இறப்பருக்கும் விலக்களிக்கப்படும் வரை, களைமண்டிய நிரைகளில் இறங்கிக் கொழுந்தெடுத்தோர் அத்தடையைத் துணிந்தோர் அல்லர்.

2021 மார்ச்சில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,000 ரூபாவாகச் சம்பளச் சபை மூலம் நிர்ணயிக்கப்பட்டது. ஊதியத்தை உற்பத்தித்திறனோடு இணைக்க வேண்டும் என்பது கம்பனிகளின் நீண்டகால வாதம். கென்யத் தொழிலாளி ஒரு நாளில் பறிக்கும் நிறை காட்டப்படுகின்றது. எமது தொழிலாளியின் நிறை அதன் அருகே வைக்கப்படுகின்றது. ஒப்பீடு உண்மையே. ஆனால் அங்குள்ள செடியின் வயது, நிலத்தின் சரிவு, செடிகளின் நெருக்கம் ஆகியன அந்த எண்ணுக்குள் மறைந்துள்ளன. கொழுந்தெடுக்கும் பெண்ணின் ஆட்சியில் உள்ளவை அவளது இரு கைகள் மட்டுமே. மழையும் உரமும் வெற்றிடம் நிரப்பாத பழைய மலையும் அவள் ஆட்சியில் இல்லை. நிறை குறைந்தால் விழுவதோ அவளுக்கான அரைப்பேர். இங்கு சான்றின் பொறுப்புப் பிரிக்கப்பட்டுள்ள விதத்தை நோக்குக. சம்பளம் உயர்ந்தால் உற்பத்தி உயரும் என்பதைத் தொழிலாளர் தரப்பு நிறுவ வேண்டும் என்று கேட்கப்படுகின்றது. நாளொன்றுக்குப் பறிக்கவேண்டிய நிறையை உயர்த்தினால் கொழுந்தின் தரம் கெடாது, தொழிலாளியின் உடல் கெடாது என்பதை எவரும் நிறுவுமாறு கேட்கப்படுவதில்லை. முன்னது கருதுகோளாகவும் பின்னது நிருவாகமாகவும் கொள்ளப்படுகின்றன.

இதனைச் சோதிப்பது அரிதன்று. ஒவ்வொரு தொழிலாளியின் கொழுந்தும் நாள்தோறும் நிறுக்கப்பட்டுப் பதியப்படுகின்றது. எந்த மலையில் யார் பறிப்பது என்பதை எழுமாற்றாக ஒதுக்கி ஒரு கவ்வாத்துச் சுற்று முழுவதும் அந்நிறைகளைப் பகுத்தால், அவற்றில் மலைக்கு உரிய பங்கு எவ்வளவு, கைக்கு உரிய பங்கு எவ்வளவு என்பது தெரிந்துவிடும். ஈடன் கையாண்ட முறையே அதற்குப் போதும். மலையின் பங்கு பெரிதென்று கண்டால், அரைப்பேரினால் அவள் இழந்த மறுபாதியை யாருடைய கணக்கில் எழுதுவது என்பதற்குக் கொழும்பிலுள்ள கம்பனி அலுவலகங்கள் விடைகூற வேண்டியிருக்கும்.