ஏடும் தகடும்

சந்தையில் விலைபோகாத பொருளைத் தோல்வியுற்றது என்கிறோம். விலைபோனதை வெற்றி பெற்றது என்கிறோம். இந்த ஓர் அளவுகோல் போதுமா? மல்லேஸ்வரத்தில் எங்கள் வீட்டு அலமாரியில் நெடுநாள் கிடந்த ஒரு குறுந்தகடு இவ்வினாவை எங்கள்முன் வைத்தது.

நெதர்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனம் 1991-இல் சி.டி.-ஐ என்னும் கருவியை விற்பனைக்குக் கொணர்ந்தது. 12 சென்டிமீட்டர் அகலத் தகட்டில் பாட்டு, படம், எழுத்து, விளையாட்டு ஆகிய அனைத்தையும் அடக்கித் தொலைக்காட்சிப் பெட்டியின் வழியே காண்போர் விரும்பியதைத் தேர்ந்து காணச் செய்வதே அதன் நோக்கம். நோக்கம் உயர்ந்ததாயினும் பயன் வாய்க்கவில்லை. விலையோ மிகுதி. விளையாட விரும்பியோர்க்கு அதனினும் சிறந்த கருவிகள் இருந்தன. கற்க விரும்பியோரைக் கணினி ஈர்த்துக்கொண்டது. எங்கள் தெருவில் ஒரு வீட்டிலும் நாங்கள் அதைக் கண்டதில்லை.

ஆயினும் அதன் உறவுமுறைத் தகடு நம் வீடுகளுக்குள் நுழைந்தது. பிலிப்ஸ், சோனி முதலிய நிறுவனங்கள் 1993-இல் கூடி வகுத்த வி.சி.டி. முறையே அது. ஒரு தகடு 74 நிமிடம் ஓடும். ஆதலின் தமிழ்ப்படம் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று தகடுகள் வேண்டும். தகடு மாற்றும் இடைவேளையில் காப்பி கலந்த நினைவு நம்மில் பலர்க்கு இருக்கும். பிறந்த ஊரை விட்டு வந்த குடும்பங்களின் திருமணமும் மணிவிழாவும் காதணி விழாவும் அத்தகடுகளில் ஏறின.

எங்கள் தகடு 2003-இல் அக்காள் மகளின் காதணி விழாவில் பதிவானது. அதில் பாட்டியார் தாலாட்டுப் பாடுகிறார். அவர் மறைந்து ஆண்டுகள் பல ஆயின. பள்ளியில் கன்னடமும் ஆங்கிலமும் கற்கும் எங்கள் மகள், "கொள்ளுப்பாட்டி எப்படிப் பாடுவார்கள்?" என்று ஒருநாள் கேட்டாள். தகட்டைக் கணினியில் இட்டோம். இரண்டாம் அடியில் படம் உறைந்தது, குரலும் நின்றது.

தகட்டினுள் இருந்தவற்றைத் துழாவியபோது 'சி.டி.ஐ.' என்று பெயரிட்ட கோப்புறை ஒன்று தென்பட்டது. படம் காட்டும் துணைப்பொறி பொருத்திய அந்தப் பழைய கருவியிலும் ஓடுதற்குரிய நிரலைச் சேர்த்துவைக்க வி.சி.டி. முறை இடம் வகுத்திருந்தது. விலைபோகாத கருவியை நம்பி வாங்கிய சிலரையும் புதிய முறை கைவிடவில்லை என்பதை அப்போது அறிந்தோம். நாங்களோ கையிலிருந்த குரலை இருபது ஆண்டுகளாகப் படியெடுக்காமல் விட்டிருந்தோம். தோற்றது கருவியா, நாங்களா?

பனையோலையும் அழியக்கூடியதே. அதை அறிந்த முன்னோர் காலந்தோறும் பெயர்த்தெழுதினர். பெயர்த்தெழுதுவார் இன்றிப்போன ஏடுகள் செல்லுக்கு இரையாயின. ஆடிப்பெருக்கில் ஆற்றோடும் போயின. எஞ்சியவற்றைத் தேடி ஒப்புநோக்கி உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியை அச்சேற்றினார். அவர்க்கு முன் பெயர் தெரியாத பலர் படியெடுத்து வைத்திராவிடில் அவர் தேடலுக்கு என்ன கிடைத்திருக்கும்?

எல்லாவற்றையும் காக்க இயலுமோ எனச் சிலர் கேட்கலாம். இயலாது; வேண்டுவதும் இல்லை. எது போனால் திரும்பக் கிடைக்காது என்று தெரிந்து அதனை முதலில் காப்பதே கடமை. திரைப்படம் மீண்டும் கிடைக்கும். பாட்டியின் தாலாட்டுக் கடையில் கிடைக்காது.

ஊரிலுள்ள முதிய அத்தையைத் தொலைபேசியில் அழைத்தோம். எஞ்சிய அடிகளை அவர் தயங்கித் தயங்கிப் பாடினார். மகள் அவற்றைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். ழகரம் வரவேண்டிய இடங்களில் எல்லாம் ளகரம் இட்டிருந்தாள், உடனிருந்து திருத்தினோம். பாட்டு இப்போது அவள் கையெழுத்தில் இருக்கிறது. பாட்டியின் குரல் மட்டும் இரண்டாம் அடியோடு நிற்கிறது.

அன்பர்களே, உங்கள் அலமாரியிலும் அத்தகைய தகடு ஒன்று இருக்கக்கூடும். இவ்வாரமே எடுத்துப் பாருங்கள்.