யாரு பக்கத்து ரத்தம்?

ரெண்டு வயசுக்கு முன்பே குடல் அழற்சி நோய் வந்து, மலத்தோடு ரத்தம் போகும் பிள்ளைகள் உண்டு. பேராக்கின் கிந்தா பள்ளத்தாக்கில் இந்நோயைக் கணக்கெடுத்து 2015இல் வெளியான ஆய்வு, நம் இந்தியர்களிடம்தான் அதிகம் என்றது. தஞ்சோங் மாலிமில் இதைச் சொன்னால் அடுத்த கேள்வி, "யாரு பக்கத்து ரத்தம்?" பழி தாய்மேல் விழுவதைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

2009இல் கண்டறிந்த இன்டர்லூக்கின்-10 ஏற்பிக் குறைபாட்டில், பழுதான மரபணு அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் வரவேண்டும். அவர்கள் நலமாகவே இருப்பார்கள். பல பிள்ளைகளுக்கு எந்த மரபணுவும் பிடிபடுவதில்லை.

நான் பொறியாளன், காரணம் தேடுவது என் வேலை. ஆனா காரணம் வேற, குற்றம் வேற. தெரியாமல் கொடுத்ததற்கு யாரைக் குற்றம் சொல்வது? காரணம் தெரிந்தால் சில பிள்ளைகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சைக்கு வழி பிறக்கும். பழி சொன்னால், பயந்த தாய் ரத்தத்தை மறைப்பாள். பிள்ளை மருத்துவமனைக்குத் தாமதமாகத்தான் போகும்.