கந்தோர் நேரமும் கடவுள் நேரமும்

சம்பளம் பெறும் நேரத்தில் கோயில் வேலை செய்வது புண்ணியமா, பாவமா? மெய்யடியார்கள் சிலருக்கு இது வேண்டாத கேள்வியாகத் தோன்றலாம். ஆயினும் எமது கிராமத்தில் ஆசிரியர், இலிகிதர், தாதியர், வங்கி ஊழியர் என்று உத்தியோகம் பார்ப்பவர் இல்லாத வீடுகள் குறைவு. கொடியேற்றம் நெருங்கிவிட்டால் உபயகாரர் பட்டியல் தட்டச்சாவதும், மகோற்சவ விஞ்ஞாபனம் ஒப்புநோக்கப்படுவதும், பஞ்சாமிர்தத்துக்கு வாழைப்பழம் யார் தருவது என்று வாட்ஸ்அப் குழுவில் விசாரணை நடப்பதும் பெரும்பாலும் காலை 8.30 இற்கும் மாலை 4.15 இற்கும் இடையிலேதான். "சுவாமி காரியம்தானே" என்று மேலதிகாரிகளும் பேசாமல் இருந்துவிடுவர். அரச கந்தோரில் இலிகிதராக இருந்து ஓய்வு பெற்றவன், இப்போது இவ்வாலயத்தின் தர்மகர்த்தாக்களில் ஒருவன் என்ற இரு முறையிலும் இதைப் பற்றி எழுதவேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

கோயிலில் நாம் நேரத்தை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறோம்! நாளொன்றுக்கு 60 நாழிகை, நாழிகை ஒன்றுக்கு 24 நிமிடம். தேர் இருப்பை விட்டு அசையும் சுபவேளை ஐந்து நிமிடம் பிந்தினாலும் வடக்கயிற்றைப் பிடித்து நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். வாக்கியமா, திருக்கணிதமா என்று சில நாழிகை வித்தியாசத்துக்காக நாட்கணக்கில் வாதாடுவோம். அதே நாம், கந்தோருக்கு வந்த ஒருவரை "நாளைக்கு வாருங்கள்" என்று அனுப்பும்போது, அவர் இழந்த அந்த ஒரு நாளை எந்தக் கணக்கிலும் வைப்பதில்லை.

அந்தக் காலத்தில் நேரம் கடந்ததும் வரவு இடாப்பில் பிரதம இலிகிதர் சிவப்புக் கோடு இழுத்துவிடுவார். பின்னர் கைவிரல் அடையாள இயந்திரம் வந்தது. இரண்டும் உடம்பு வந்ததைத்தான் பதிந்தன. மனம் எங்கே இருந்தது என்பதை எந்த இடாப்பும் அறியாது. ஓய்வூதியக் கணக்கு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவருடைய சேவைக்காலம், சம்பள ஏற்றங்கள், சம்பளமற்ற லீவு அனைத்தையும் அவரது கோவையில் ஒவ்வொரு தாளாகப் புரட்டிக் கூட்டவேண்டும். நடுவில் கைத்தொலைபேசி அடித்தால் பேசுவது இரண்டு நிமிடம். விட்ட இடத்தைத் தேடி, நம்பிக்கை வராமல், மேலிருந்து மீண்டும் கூட்டுவதற்கு இருபது நிமிடம் வேண்டும். அதைவிட மோசமானது, சரியாக நினைவிருக்கிறது என்று தொடர்ந்து போய் ஒரு வருடத்தையே விட்டுவிடுவது. கோவை திரும்பி வரும். பிழை விட்டவருக்கு ஓரத்தில் ஒரு வரி குறிப்பு. கணவனை இழந்து காத்திருக்கும் பெண்ணுக்கோ மேலும் மூன்று மாதம் கையில் காசில்லை. கடையில் கடன் ஏறும், பிள்ளையின் ரியூசன் நிற்கும். அந்த இரண்டு நிமிடத்தில் பேசியது வாழைப்பழத்தைப் பற்றியா, அரசியலைப் பற்றியா என்பது அவளுக்கு ஒன்றுதான்.

பழைய இலிகிதர்களிடம் இதற்கு ஒரு முறை இருந்தது. தலை தெளிவாக இருக்கும் காலையில் கணக்குக் கோவைகள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் சாதாரணக் கடிதங்கள், அடுக்கும் வேலைகள். எந்தக் கோவையை எப்போது மீண்டும் எடுக்கவேண்டுமோ அந்தத் திகதியை அதன் முகப்பிலேயே எழுதி வைப்பார்கள். இப்போது இதையெல்லாம் நேர முகாமைத்துவம் என்று கருத்தரங்கு வைத்துப் படிப்பிக்கிறார்கள். படிப்பிக்கட்டும், நல்லதுதான்.

மாணிக்கவாசக சுவாமிகள் குதிரை வாங்கக் கொண்டுபோன அரச பணத்தில் திருப்பெருந்துறையில் கோயில் எடுக்கவில்லையா என்று கேட்பவர்கள் உண்டு. கெட்டிக்காரர் இன்னும் ஒரு படி போய், வந்தியின் பிட்டைக் கூலியாக உண்ட சிவபெருமானே வேலை செய்யாமல் ஆடிப்பாடி உறங்கினாரே என்பார்கள். உண்மை. ஆனால் மணிவாசகர் அதற்குரிய தண்டனையை ஏற்றுச் சுடுமணலில் நின்றார்; பின்னர் மந்திரிப் பதவியையும் விட்டுப் போனார். பெருமானுடைய முதுகிலும் பிரம்படி விழுந்தது. அதன்பின் அவர் கொட்டிய ஒரு கூடை மண்ணில் வைகையின் உடைப்பு அடைபட்டது. ஒரே கூடையில் உடைப்பை அடைக்க வல்லவர் எமது கந்தோர்களில் யாரேனும் இருந்தால் அவர் தாராளமாக உறங்கலாம்.

எமக்குப் பொருந்துபவர் திருக்குறிப்புத்தொண்ட நாயனார் என்றே நான் கருதுகிறேன். காஞ்சிபுரத்தில் அடியார்களின் துணி வெளுத்துக் கொடுத்தவர். குளிர்காலத்தில் மெலிந்த முதியவர் ஒருவர் அழுக்கேறிய கந்தையோடு வருகிறார். பொழுது படுமுன் துவைத்து உலர்த்தித் தரவேண்டும் என்பது பேச்சு. துவைத்து முடித்ததும் மழை பிடித்துக்கொண்டது, மாலையாகியும் விடவில்லை. நாயனார் மேல் குற்றமே இல்லை. "மழை ஐயா, என்ன செய்வது?" என்று சொல்லியிருக்கலாம். அவரோ, ஒரு கிழவர் தன்னால் குளிரில் நடுங்குகிறாரே என்று துணி துவைக்கும் கல்லிலே தலையை மோதினார். இறைவன் திருக்கரம் தடுத்தது. நாம் தலையை மோதத் தேவையில்லை. ஆனால் அவருடைய கண் துணியில் இல்லை, குளிரில் நின்றவரில் இருந்தது என்பதைக் கவனியுங்கள். துணி வெளுப்பதும் சிவபூசையும் அவருக்கு இரண்டு வேலைகளாக இருக்கவில்லை. அடியாருக்கு உரிய நேரத்தை எடுத்து ஆண்டவனுக்குக் கொடுப்பது என்ற பேச்சுக்கே அங்கு இடமில்லை.

எங்கள் மண்ணிலும் ஓர் உதாரணம் உண்டு. ஆறுமுக நாவலர் மிஷன் பாடசாலையில் ஆசிரியராக இருந்த காலத்திலேயே, 1847 இன் இறுதியில், வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் வெள்ளிக்கிழமைப் பிரசங்கத்தைத் தொடங்கினார். சைவப்பணி முழுநேரத்தையும் கேட்டபோது, 1848 இல் அந்த வேலையை விட்டார்.

உத்தியோகத்தை விடும்படி நான் எவரையும் கேட்கவில்லை. அரச ஊழியருக்கு வருடத்தில் 21 நாள் அமய லீவும் 24 நாள் ஓய்வு லீவும் இருக்கின்றன. கொடியேற்றம், தேர், தீர்த்தம் மூன்றுக்கும் முறையாக லீவுப் படிவம் கொடுத்துவிட்டு மனநிறைவோடு வடம் பிடிக்கலாம். எமது சபையும் தன் பங்குக்கு ஒன்று செய்திருக்கிறது. உத்தியோகம் பார்க்கும் பிள்ளைகளிடம் பகலில் கோயில் கடிதங்களைக் கொடுத்தனுப்பும் வழக்கத்தை இவ்வருடம் நிறுத்தி, வசந்த மண்டபத்துக்குப் பக்கத்து அறையில் பாவித்த கணினி ஒன்றை வாங்கி வைத்திருக்கிறோம். மாலைப் பூசை முடிந்தபின் இரண்டு இளைஞர்கள் வந்து தட்டச்சு செய்கிறார்கள். கணக்கு எழுதத் தெரிந்த இன்னும் ஒருவர் தேவை.