தூக்கிலிடப்பட்டவரின் உடலும் சிலுவைப் படமும்

லண்டன் ராயல் அகாதெமியின் சேகரிப்பில், மரச்சிலுவையில் தொங்கும் ஒரு பிளாஸ்டர் வார்ப்பு இருக்கிறது. உடம்பில் தோல் இல்லை. கைகள் மேலே இழுபட்டதில் மார்புத் தசை தட்டையாகிப் புயம்வரை நீண்டிருக்கிறது. தலை ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. இது கற்பனையில் வடித்த சிற்பம் அல்ல. ஜேம்ஸ் லெக் என்ற முதிய படைவீரர், இன்னொரு ஓய்வுபெற்ற வீரரைக் கொன்றதற்காக 1801 நவம்பரில் தூக்கிலிடப்பட்டார். ஓவியர்கள் காலங்காலமாக வரைந்துவந்த சிலுவைக் காட்சிகள் உடற்கூறுக்குப் பொருந்தவில்லை என்று சிற்பி தாமஸ் பேங்க்ஸும், ஓவியர்கள் பெஞ்சமின் வெஸ்ட்டும் ரிச்சர்ட் காஸ்வேயும் கருதினார்கள். அதைச் சோதித்துப் பார்க்க, ஜோசப் கார்ப்யூ என்ற அறுவை மருத்துவரின் உதவியுடன், சூடு ஆறாத லெக்கின் சடலத்தைச் சிலுவையில் அறைந்து நிறுத்தினார்கள். பேங்க்ஸ் ஒரு வார்ப்பெடுத்தார். பிறகு தோலை உரித்து இன்னொன்று எடுத்தார்.

கிறிஸ்துவின் பாடுகளை உள்ளபடி வரைவதற்காக இன்னொரு மனிதரின் உடலை இப்படிக் கையாளலாமா? கூடாது என்பதே என் முடிவு. உயிரற்ற உடலுக்கு வலியில்லையே, அதுவும் கொலைக் குற்றவாளியின் உடல்தானே என்று கேட்கலாம். ஆனால் அந்தச் சமூகமே பிணத்தை வெறும் சதையாக நினைக்கவில்லை. கொலைக் குற்றவாளியின் உடலை அறுக்காமல் புதைக்கக் கூடாது என்ற 1752ஆம் ஆண்டுச் சட்டம், தண்டனைக்கு மேலும் அச்சமும் அவமானமும் சேர்ப்பதற்காகவே இயற்றப்பட்டது. கடைசி நாளில் உடலோடு எழுவோம் என்று நம்பிய மக்களுக்கு அதைவிடப் பெரிய மிரட்டல் ஏது? இன்னொன்றும் இருக்கிறது, என் வாதத்தின் உயிர் அதில்தான். இவர்கள் வரைய விரும்பியவரும் அரசு தண்டித்துக் கொன்ற ஒருவர்தான், இரண்டு குற்றவாளிகளுக்கு நடுவே தொங்கியவர். அவர் இறந்ததும் அரிமத்தியா ஊர் யோசேப்பு பிலாத்துவிடம் போய் உடலைக் கேட்டு வாங்கி, துணியில் சுற்றிக் கல்லறையில் வைத்ததை நான்கு நற்செய்திகளும் சொல்கின்றன. தண்டிக்கப்பட்டவரின் உடலுக்கும் மரியாதை உண்டு என்பது அந்தக் கதைக்குள்ளேயே இருக்கிறது. காட்சியின் தசைகளைத் திருத்தப் போனவர்கள் அந்தப் பகுதியைக் கவனிக்கவில்லை.

உடலை அறுத்துக் கற்பதே பாவம் என்று நான் சொல்ல வரவில்லை. உள்ளங்கையைக் கீழே திருப்பும்போது முன்கையின் ஓர் எலும்பு மற்றதன் குறுக்கே புரள்வதை, மேலிருந்து பார்ப்பவர் ஊகிக்கலாம். உறுதியாகத் தெரிய யாரோ ஒரு கையைத் திறந்திருக்க வேண்டும். அதை அறிந்து வரைந்த கைக்கும் அறியாமல் வரைந்த கைக்கும் உள்ள வேறுபாடு முதல் கோட்டிலேயே தெரிந்துவிடும். ஆனால் லெக்கின் உடலிலிருந்து கிடைத்தது எவ்வளவு? உயிரோடு தொங்குபவரின் தசை வலியை எதிர்த்து இறுகும். சடலத்தில் பாரம் மட்டுமே உண்டு. வேதனையைத் தேடிப் போனவர்களுக்கு எடைதான் கிடைத்தது.

மைக்கலாஞ்சலோவும் சடலங்களை அறுத்தவர்தானே என்பது வலுவான மறுப்பு. ஃப்ளாரன்ஸின் சாந்தோ ஸ்பிரீத்தோ மடத்தில் பிணங்களைத் தந்து உதவிய மடத்தலைவருக்கு அவர் மரத்தாலான சிலுவைச் சிற்பம் ஒன்றைக் கொடுத்தார் என்று அவர் காலத்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்த இளைஞர் தன் கடனை உணர்ந்திருந்தார், சரி. ஆனால் நன்றி போய்ச் சேர்ந்தது மடத்தலைவருக்கு. மேசையில் கிடந்தவர்களின் விருப்பத்தை அங்கேயும் யாரும் கேட்கவில்லை. பிரிட்டனில் 1832இல் வந்த சட்டமும் குற்றவாளிகளின் இடத்தில் உரிமை கோருவாரற்ற ஏழைகளின் உடல்களைத்தான் வைத்தது. உயிரோடு இருக்கும்போதே தன் உடலைத் தர ஒருவர் தாமாகச் சம்மதிப்பதுதான் நிலைமையை மாற்றுகிறது. அப்படித் தரப்பட்ட உடலைப் பார்த்து வரைபவர் எதையும் பறிக்கவில்லை. லெக்கின் வார்ப்பை உடைத்துப் போடுவதில் அவருக்கு எந்த நன்மையும் இல்லை. அது இருக்கட்டும், மாணவர்கள் அதைப் பார்த்து வரையட்டும். அவர் யார், அந்தச் சிலுவைக்கு எப்படி வந்தார் என்பதைத் தசைகளின் பெயர்களுக்கு முன்பாக ஆசிரியர் சொல்லிக்கொடுக்க வேண்டும்.