யார் சமைத்த கிறிஸ்துமஸ்?

டிசம்பர் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையிலும் நாகர்கோவிலிலும் வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி அடுப்பேறும். முறுக்கு, அச்சுமுறுக்கு, அதிரசம், முந்திரிக்கொத்து என்று டின்கள் நிரம்பும். 25ஆம் தேதி விடியுமுன் ஆராதனை, திரும்பி வந்ததும் ஆப்பமும் ஆட்டுக்கறியும், மத்தியானம் பிரியாணி. பிள்ளைகளும் மருமக்களும் கூடியிருக்கும் வீட்டின் நடைமுறை இது. பிள்ளைகள் துபாய்க்கும் பெங்களூருக்கும் அமெரிக்காவுக்கும் போய்விட்ட வீட்டில், எண்பதைத் தாண்டிய ஒருவர் மட்டும் இருக்கும் வீட்டில், அடுப்பைப் பற்றவைப்பது யார்? பக்கத்து வீட்டுக்காரர், கூட வேலை பார்த்து ஓய்வுபெற்ற டீச்சர், பாடகர் குழுவில் சேர்ந்து பாடிய தோழி. இவர்கள் யாரும் இல்லாவிட்டால், மாதச் சம்பளத்துக்கு வந்து தங்கியிருக்கும் ஹோம் நர்ஸ். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பிலேயே தமிழகத்தில் பத்தில் ஒருவர் அறுபது வயதைக் கடந்தவர். அதே கணக்கில் கன்னியாகுமரி மாவட்ட மக்களில் ஏறத்தாழ 47 விழுக்காட்டினர் கிறிஸ்தவர்கள். ஆகவே, பிறர் சமைத்துத் தரும் கிறிஸ்துமஸ் சாப்பாடு தென்கோடியில் அரிதான காட்சியல்ல.

அந்தச் சாப்பாட்டை முதியவர் மனசார ருசித்துச் சாப்பிடலாமா? அற்பமான கேள்வியாகத் தோன்றலாம். ஆனால் பண்டிகை நாளில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து, ‘எனக்கு எதுக்கும்மா இதெல்லாம், ரெண்டு இட்லி போதாதா’ என்று தட்டைத் தள்ளிவைக்கும் பாட்டிகள் எத்தனை பேர்! நாற்பது வருஷம் தெருவுக்கே பலகாரம் கொடுத்தவருக்கு இப்போது அடுப்படியில் நிற்கக் காலில் வலுவில்லை. பிறர் உழைப்பில் தான் ருசி பார்ப்பது தப்பு என்று அவருக்குப் படுகிறது. யாருக்கும் பாரமாக இருக்கக் கூடாது என்ற எண்ணத்தை ஊரும் மெச்சுகிறது.

மெச்சத்தான் வேண்டுமா? கொடுப்பதை உயர்வாகவும் வாங்குவதைத் தாழ்வாகவும் வைப்பது பழைய பழக்கம். அரிஸ்டாட்டில் வரைந்து காட்டும் பெருந்தகையாளர் உதவி செய்வதில் மகிழ்பவர், உதவி பெறுவதற்கு வெட்கப்படுபவர். நம் வள்ளுவரும் விருந்தோம்பலில் பெரும்பாலும் வீட்டுக்காரருக்குத்தான் பாடம் நடத்துகிறார். லூக்கா 14ஆம் அதிகாரத்தில் இயேசு, விருந்து வைக்கிறவன் திருப்பிச் செய்ய வழியில்லாத ஏழைகளையும் ஊனமுற்றோரையும் அழைக்கட்டும் என்கிறார். திருப்பிச் செய்ய முடியாத அவர்கள் எந்த மனதோடு அதை வாங்கிச் சாப்பிட வேண்டும் என்று அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஆனால் யோவான் சுவிசேஷத்தில் ஓரிடம் உண்டு. குரு தன் காலைக் கழுவ வரும்போது பேதுரு மாட்டேன் என்கிறார். அந்த மறுப்பை இயேசு பணிவென்று பாராட்டவில்லை. கழுவ விடாவிட்டால் உறவே இல்லை என்று கறாராகச் சொல்லிவிடுகிறார். பண்டிகை இலையைத் தள்ளும் நம் பாட்டிக்கும் தாத்தாவுக்கும் பொருந்தும் வேத வசனம் அதுதான். வேண்டாம் வேண்டாம் என்பதில் பணிவைவிட வீம்புதான் அதிகம். கொடுக்கும் இடத்திலேயே கடைசிவரை உட்கார்ந்திருக்க வேண்டும் என்ற வீம்பு. காலையிலிருந்து கறி வேகவைத்த பக்கத்து வீட்டுக்காரி வெறும் நன்றியோடு தூக்குவாளியைத் திரும்பக் கொண்டுபோகிறாள். அவளுக்கு அது பண்டிகையா?

ருசித்துச் சாப்பிடலாம் என்பதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் நியாயம் ஒன்றுண்டு: ‘அவங்க கொடுத்ததுக்கு இப்ப திரும்பி வருது.’ தீபாவளிக்கு இந்து வீட்டுத் தட்டு, பக்ரீத்துக்கு முஸ்லிம் வீட்டு பிரியாணி, கிறிஸ்துமஸுக்கு இங்கிருந்து பலகாரம். வந்த பாத்திரத்தை வெறுமனே திருப்பக் கூடாது; கைப்பிடி சர்க்கரையாவது, இரண்டு வாழைப்பழமாவது போட்டுத்தான் கொடுக்க வேண்டும். இந்த மரியாதையில் வளர்ந்த ஊரில், முப்பது வருஷத் தட்டுகளுக்கு ஈடாக இன்று ஒரு வாளி வருகிறது என்பது கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் யாருக்கும் ஒரு முறுக்குகூடக் கொடுக்காமல் கதவைச் சாத்தியே வாழ்ந்த ஒரு கிழவரும் அதே தெருவில் இருப்பாரே? எண்பத்தைந்து வயதில், கை நடுங்க, தனியாக. இந்த நியாயத்தின்படி அவருக்கு வாளி கிடையாது.

அவருக்கும் போக வேண்டும். அவரும் ருசித்துச் சாப்பிடலாம். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவக் கோயில்களில் அசனம் என்ற பொது விருந்து நடக்கும்போது, வரிசையில் உட்கார்ந்தவரிடம் எத்தனை ரூபாய் வரி கொடுத்தீர் என்று கேட்டுவிட்டா சோறு போடுகிறார்கள்? பெரிய அண்டாக்களில் வெந்த சோறும் குழம்பும், உட்கார்ந்தவர் எல்லார் இலையிலும் விழும். தின்கிற உரிமையை யாரும் சம்பாதித்துக்கொண்டு வருவதில்லை. முதுமைக்கு அந்த வரிசையில் முதல் இடம் கொடுப்பதில் யாருக்கும் நஷ்டமில்லை.

இன்னொரு தடை வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு. ‘பாட்டிக்கு கேக் கொடுக்காதே’ என்று வெளிநாட்டிலிருந்து உத்தரவு வரும். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு எலும்புக் கறியும் உலர்ந்த கேக்கும் உண்மையிலேயே ஆபத்து. புரையேறி உயிரே போகலாம். அங்கே மருத்துவர் சொல்தான் முடிவு. மற்றபடி, சுயநினைவோடு இருக்கும் பெரியவர் வருஷத்தில் ஒருநாள் ஒரு துண்டு கேக் கேட்டால், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் அவர். நினைவிருக்கும் மனிதரைக் குழந்தையாக்குவது அக்கறையின் பேரில் நடக்கும் அவமரியாதை. நல்ல சமையல்காரர் இதற்கு வழி வைத்திருப்பார். கறியைக் குழைய வேகவைத்து எலும்பு நீக்கித் தருவார். பல் இல்லாதவருக்கு முறுக்கை வெற்றிலை உரலில் போட்டு, சத்தம் வெளியே கேட்க நொறுக்கி, சூடான பாலில் கலந்து ஸ்பூனோடு நீட்டுவார். எள்ளும் ஓமமும் பாலில் மிதக்க, அதை ஒரு வாய் வாங்கிக்கொண்டு ‘உப்பு ஒரு கல் கூடுதல்’ என்று குறை சொல்லும் பாட்டிதான் பண்டிகையைச் சரியாகக் கொண்டாடுகிறவர். வாய்க்கு ருசி தெரியும்வரை குறை சொல்லும் உரிமையும் உண்டு.

இவ்வளவும் நண்பர் சமைத்த சாப்பாட்டுக்குச் சரி. சம்பளத்துக்கு வந்தவர் சமைப்பது வேறு விஷயம். இரண்டையும் ஒன்றாகக் குழப்புவதில்தான் நம் வீடுகளின் பெரிய தவறு இருக்கிறது.

தோழிக்கு நன்றி போதும். பணத்தை நீட்டினால் அவள் மனம் நோகும். ஹோம் நர்ஸ் அக்காவுக்கு நன்றி மட்டும் போதாது. அவருக்கும் ஒரு வீடு இருக்கிறது. நாசரேத்துக்குப் பக்கத்திலோ மார்த்தாண்டத்துக்குப் பக்கத்திலோ அங்கேயும் ஒரு மகள் புதுப் பாவாடையோடு அம்மா வருவாளா என்று வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். இந்த வீட்டில் ஆட்டுக்கறி கொதிப்பதால் அந்த வீட்டில் அடுப்பு தாமதமாகிறது. வெளிநாட்டிலிருந்து வீடியோ அழைப்பு வரும்போது, ‘அம்மா, பிரியாணி நல்லா இருக்கா?’ என்று மகன் கேட்பான். பாட்டியின் முகத்துக்கு நேராகப் போனைப் பிடித்துக்கொண்டிருப்பது அந்த அக்காவின் கை. அவர் முகம் திரையில் வருவதில்லை.

‘அவங்க எங்க வீட்டுப் பிள்ளை மாதிரி’ என்பார்கள். வீட்டுப் பிள்ளை என்றால் கிறிஸ்துமஸ் அன்று ஆராதனைக்குப் போக வேண்டாமா? அந்த வாசகம் பெரும்பாலும் விடுப்பும் கூடுதல் கூலியும் கேட்க முடியாதபடி வாயை அடைக்கத்தான் பயன்படுகிறது. தொழிற்சாலையில் வேலை செய்பவருக்குச் சட்டம் ஏதோ வகை செய்திருக்கிறது. 1958ஆம் ஆண்டின் தமிழ்நாடு தொழில் நிறுவனங்கள் தேசிய, பண்டிகை விடுமுறைச் சட்டப்படி, விடுமுறை நாளில் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி, அல்லது அன்றைய கூலியோடு மாற்று விடுமுறை தர வேண்டும். வீட்டு வேலைக்கு அந்தச் சட்டம் எட்டாது. வீட்டுப் பணியாளர்களுக்கு வாரத்தில் தொடர்ச்சியாக 24 மணி நேர ஓய்வு வேண்டும் என்று சொல்லும் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 189ஆம் உடன்படிக்கை 2011இல் வந்தது. இந்தியா அதை ஏற்று உறுதி செய்யவில்லை. சட்டம் எட்டாத இடத்தில் வீட்டுக்காரரின் மனசாட்சிதான் மிச்சம்.

அப்படியானால் அந்தச் சாப்பாட்டை முதியவர் மறுக்க வேண்டுமா? கூடாது. படுக்கையில் கிடப்பவர் பட்டினி கிடந்து யாருக்கு நியாயம் செய்ய முடியும்? தவிர, அந்த அக்காவும் வெறும் கூலிக்காக மட்டும் சமைப்பதில்லை. சம்பளப் பேச்சில் இல்லாத அச்சுமுறுக்கு மாவை முந்தின இரவே கரைத்து வைத்தது அவர் விருப்பம். அந்த விருப்பத்துக்கு முதியவர் தரக்கூடிய மரியாதை, அதை ரசித்துச் சாப்பிடுவது. கூலிக்கும் விடுப்புக்கும் பொறுப்பு, தூரத்திலிருந்து ஏற்பாடு செய்யும் பிள்ளைகளுடையது. சம்பளத்தை அனுப்பியதோடு கடமை தீர்ந்தது என்று நினைப்பவர்கள், தங்கள் அலுவலகத்தில் டிசம்பர் 25 அன்று யாராவது தங்களை வேலைக்குக் கூப்பிட்டால் என்ன பேசுவார்கள் என்று யோசிக்கலாம்.

வழியும் ஒன்றும் கஷ்டமானதல்ல. மருத்துவமனை வார்டுகளில் செவிலியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் வழக்கம் உண்டு: தீபாவளிக்கு இந்துத் தோழிக்காகக் கிறிஸ்தவச் செவிலியர் நிற்பார், கிறிஸ்துமஸுக்கு இவருக்காக அவர் நிற்பார். ஒரே தெருவில் மூன்று வீடுகளில் ஹோம் நர்ஸ் இருந்தால் அந்த மூவரும் முறைவைத்துக்கொள்ளலாம். வாளி அனுப்பும் தோழியே இரண்டு மணி நேரம் பாட்டியோடு உட்கார்ந்தால், அதுவும் ஒரு விருந்துதான்.

சமைத்தவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும். இந்த மண்ணின் கிறிஸ்தவத்துக்கு அது பழைய புண். 1847இல் மதுரை அமெரிக்க மிஷன், தன்னிடம் வேலை பார்த்த உபதேசியார்கள் சாதி பாராமல் அன்பின் விருந்தில் கூடிச் சாப்பிட வேண்டும் என்று கட்டாயமாக்கியது; தாழ்த்தப்பட்டவர் சமைத்ததை உண்ண மனமில்லாமல் பலர் வேலையையே விட்டுப் போனார்கள். இன்று அவர்கள் வழிவந்தவர்கள் யார் சமைத்தது என்று கேட்காமல் சாப்பிடுகிறார்கள். முன்னேற்றம்தான். ஆனால் சமைத்த அக்கா அடுப்படித் தரையில், எல்லோரும் முடித்தபின், தனித் தட்டில் சாப்பிடும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அந்த வீட்டு மேஜையில் பிளம் கேக்கும் இருக்கிறது, மாட்டுத்தொழுவக் குடிலும் இருக்கிறது. கிறிஸ்துமஸ் மட்டும் இல்லை.

ஆகவே இந்த டிசம்பரில் ஊரில் இருக்கும் அம்மாவுக்கோ அப்பாவுக்கோ போன் போட்டு, கறி எத்தனை கிலோ என்று பேசுவதற்கு முன்பு, போனை அந்த அக்காவிடம் கொடுக்கச் சொல்லுங்கள். ‘25ஆம் தேதி உங்களுக்கு எத்தனை மணிக்குக் கோயிலுக்குப் போகணும், வீட்டுக்கு எத்தனை நாள் போகணும்’ என்று முதலில் அவரிடம் கேளுங்கள். மெனு அப்புறம் பேசிக்கொள்ளலாம்.