இறவாரத்துத் தம்ளர்

நல்ல தேநீர் போடுவது எப்படி என்று கேட்டால் நான் விடிய விடியச் சொல்வேன். வீட்டில் இந்த ஒரு வேலையைத்தான் என்னை நம்பி விட்டிருக்கிறார்கள். நசுக்கிய இஞ்சியைத் தண்ணீரிலேயே போட்டுக் கொதிக்கவிட வேண்டும். பச்சை இஞ்சி நேரே பாலில் விழுந்தால் பால் திரிந்து போகலாம். பிறகு தூள். குன்னூர்ப் பக்கத்துப் பொடித் தூளாக இருந்தால் ஆளுக்கு ஒரு சிறு கரண்டி போதும். நிறம் இறங்கியதும் பாலை விட்டு, ஒரு பொங்கு வந்தவுடன் இறக்கிவிட வேண்டும். ஆசையினால் அடுப்பிலேயே வைத்திருந்தால் துவர்ப்பு ஏறி நாக்கைப் பிடிக்கும். நாட்டுச் சர்க்கரை போடுகிறவர்கள் இறக்கிய பிறகே போடுவது நல்லது. கடைசியில் ஆற்றுதல். டீக்கடை மாஸ்டர் கையைத் தூக்கி ஆற்றுவது வெறும் ஜாலம் அல்ல. சூடு தணிந்து நுரை கட்டுகிறது.

இதெல்லாம் கைப்பழக்கம், எவரும் கற்றுக்கொள்ளலாம். ஆனால் ஆற்றிய தேநீரை எதில் ஊற்றுவது என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதற்குச் சரியான விடையை இத்தனை வயதாகியும் நான் கற்றபாடில்லை.

பொள்ளாச்சிக்குக் கிழக்கே என் அம்மிச்சிக்கு ஒரு தோட்டம் இருந்தது. நான் சிறுவனாக இருந்தபோது அந்த வீட்டில் காப்பி விருந்தாளிகளுக்கு; டீ வேலைக்கு வருகிறவர்களுக்கு. அம்மிச்சி கருமி அல்லள். வெயிலில் உழைக்கிறவன் என்று அவர்களுக்குச் சர்க்கரை ஒரு பிடி கூடுதலாகவே விழும். ஆனால் அவர்களுடைய அலுமினியத் தம்ளர்கள் மாட்டுக் கொட்டகையின் இறவாரத்தில் செருகியிருக்கும். அவர்களே எடுத்துக் கழுவிக்கொண்டு வந்து, குனிந்து நீட்டுவார்கள். அம்மிச்சி தள்ளி நின்று, போசி தம்ளரில் பட்டுவிடாதபடி உயரத்திலிருந்து ஊற்றுவாள். தம்ளர் பற்றாத நாளில் தேங்காய்த் தொட்டி. ஒரு துளிகூட வெளியே சிந்தாது. அந்தக் கைத்திறனை நான் வியந்து பார்த்திருக்கிறேன். வேறெதையும் பார்க்க எனக்குத் தோன்றவில்லை.

அம்மிச்சி செய்தது ஈகையா, இழிவா? நன்றாகப் படித்த நண்பர் ஒருவர் என்னோடு வாதாடினார்: "கொடுத்தாளே, அதைப் பாரும். களைத்து வந்தவனுக்குப் பாத்திரமா பெரிது?" பசிக்குச் சோறு என்றால் இந்த வாதத்துக்குப் பாதி இணங்குவேன். ஆனால் தேநீர் வயிற்றை நிரப்பும் பொருளா? "வாங்க, ஒரு வாய் டீ குடிச்சுட்டுப் போங்க" என்று நாம் சொல்லும்போது, சிறிது நேரம் என்னோடு இரு என்றல்லவா சொல்கிறோம்? 'ஆனால் அங்கேயே இரு' என்று சொல்லும் ஒரு பாத்திரத்தில் அதை ஊற்றினால், கொடுத்ததை அந்தக் கையாலேயே திரும்ப வாங்கிக்கொள்கிறோம்.

இன்னொன்றும் என்னை உறுத்துகிறது. அந்தத் தோட்டத்து வரப்பில் நின்றால் தெற்கே ஆனைமலைத் தொடர் நீலமாகத் தெரியும். மேலே வால்பாறை. அங்கே காட்டை அழித்துத் தேயிலை நட்டவர்கள் யார்? இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளியவர்கள் யார்? அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி. எச். டானியல் 1969-இல் 'ரெட் டீ' என்ற ஆங்கில நாவலில் அவர்கள் கதையை எழுதினார். இரா. முருகவேள் அதை 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். கங்காணிகளின் ஆசை வார்த்தையை நம்பி மலையேறி, குளிரிலும் காய்ச்சலிலும் மடிந்த ஏழைகள். அவர்களில் மிகப் பலர், கீழே சமவெளியில் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்கள். அவர்கள் விரல் பட்ட இலையை அடுப்பங்கரைக்குள் சேர்த்துக்கொண்டோம். உதடு பட்ட தம்ளரை இறவாரத்தில் செருகினோம்.

சட்டம் சும்மா இருக்கவில்லை. அரசியலமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. பின்னர் வந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டம், உணவு விடுதியிலுள்ள பாத்திரங்களைத் தீண்டாமையின் பேரால் ஒருவருக்கு மறுப்பதைக் குற்றமாக்கியது. இருந்தும் கோவை வட்டாரத்துச் சிற்றூர்க் கடைகளில் இரட்டைக் குவளை 2000-க்குப் பிறகும் இருந்தது. அதை எதிர்த்துப் போராட்டங்களும் நடந்தன. போகட்டும், கடைக்காரரைச் சட்டம் கேட்கும். என் அடுப்படிக்கு எந்தக் காவலர் வரப்போகிறார்? அங்கே என்னை நான்தான் கேட்டுக்கொள்ள வேண்டும்.

கேட்டுக்கொண்டபோது கிடைத்த விடை இது. இப்போது கோவை நகரில் எங்கள் வீடு காங்கிரீட் வீடு; தம்ளர் செருக இறவாரம் கிடையாது. அதற்குப் பதிலாக அலமாரியில் காகிதக் கப் அடுக்கு ஒன்று வந்து சேர்ந்தது. கழுவுகிற வேலை இல்லை, சௌகரியம் என்று வாங்கினோம். வேறு எண்ணம் எங்களுக்கு இல்லை. ஆறு மாதம் கழித்துத்தான் கவனித்தேன். சம்பந்தி வீட்டார் வந்தால் வெள்ளித் தம்ளர். வங்கி மேலாளர் வந்தால் பீங்கான் கோப்பை. சாக்கடை அடைப்பு எடுக்க வந்தவருக்கும், பின்கட்டுத் தென்னைகளில் காய் பறிக்க வந்தவருக்கும் காகிதக் கப். அம்மிச்சியின் தம்ளராவது மறுநாளும் அங்கே இருந்தது. இது குடித்தவுடன் குப்பைக்குப் போயிற்று.

அடுத்த வெட்டுக்கு அவர் வந்தபோது நானே இஞ்சி தட்டித் தேநீர் போட்டு, நாங்கள் குடிக்கும் எவர்சில்வர் தம்ளரில் ஊற்றிக் கொண்டுபோய் நீட்டினேன். அவர் தம்ளரைப் பார்த்தார்; பிறகு என்னைப் பார்த்தார்.

"பேப்பர் கப்புலயே குடுங்கய்யா. குடிச்சுட்டு வீசிட்டுப் போயிரலாமுங்க."

"பரவாயில்லீங்க, இதுலயே குடிங்க."

"இல்லீங்க, கை பூராவும் தூசுங்க."

உள்ளே போய்க் காகிதக் கப்பை எடுத்து வந்து, தம்ளரிலிருந்து அதில் ஊற்றிக் கொடுத்தேன். சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டார். அந்த நொடியில் என் மனத்தில் எழுந்தது வருத்தம் அல்ல, நிம்மதி. இதை மறைப்பதானால் நான் இந்தக் கட்டுரையை எழுதவே வேண்டியதில்லை. என் கடமையைச் செய்துவிட்டேன், வேண்டாம் என்றது அவர்தான் என்று மனம் கணக்கை முடித்துவிட்டது.

இரவு படுத்தபோதுதான் கணக்கு பிசகியது. அவருக்கு மட்டும் கொண்டுபோய் நீட்டினேன், நான் குடிக்கவில்லை. குடிக்கிறாரா என்று பார்த்துக்கொண்டு நின்றேன். சம்பந்தியின் எதிரில் அப்படி நின்றிருப்பேனா? அவருக்கு நான் கொண்டுபோனது தேநீர் அல்ல. என் நல்ல குணத்துக்கு நானே வைத்துக்கொண்ட பரீட்சை. அதை அவர் கையில் எழுதச் சொன்னேன். அவர் மரியாதையாக மறுத்துவிட்டார்.

அடுத்த வெட்டுக்கு நாற்பத்தைந்து நாள் ஆகும். அன்றைக்கு இரண்டு தம்ளரில் ஊற்றிக்கொண்டு பின்வாசல் படியில் நானும் உட்காரலாம் என்றிருக்கிறேன். அவர் உட்காருவாரோ என்னவோ. அலமாரியில் இன்னும் பதினான்கு காகிதக் கப்புகள் இருக்கின்றன. வீணாக ஏன் எறிய வேண்டும் என்கிறாள் என் மனைவி. நானும் எறியவில்லை.